பாரடைஸ் வேலியில் மூன்று மாதம்

மே கடைசியில் அரிசோனாவுக்கு மகள் வீட்டுக்குப் போய், மூன்று மாதம் இருந்துவிட்டு மன்னார்குடி திரும்பிப் பத்து நாள் ஆகிறது. ஊர் பெயர் பாரடைஸ் வேலி, ஃபீனிக்ஸை ஒட்டிய பாலைவனத்தில் பணக்காரர்கள் ஒதுங்கி வாழும் இடம். "எத்தனை வேலி மாப்பிள்ளை?" என்றேன், அவர் முழித்தார் (சென்னைப் பிள்ளை). வேலி என்றால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து நில அளவு, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். நானே கணக்குப் போட்டேன். சுமார் 15 சதுர மைல், அதாவது கிட்டத்தட்ட 1,500 வேலி, அதில் 12,000 சொச்சம் பேர். வீட்டுக்கு ஒரு ஏக்கர் என்ற விதி மாறக்கூடாது என்றுதான் 1961-இல் தனி ஊராகவே ஆனார்களாம். ஒரு ஏக்கர் என்றால் எங்கள் கணக்கில் மூன்று மா. மூன்று மாவில் ஒரு வீடு, மீதியெல்லாம் சரளைக்கல்லும் கள்ளியும், பார்க்கவே வயிறு எரிந்தது. மகளும் மாப்பிள்ளையும் டாக்டர்கள், அந்த ஊரில் அவர்களே நடுத்தரம்தான்.

வெயில் 43 டிகிரி, ஆனால் வியர்வை தெரியாது. என் மனைவி காலை ஏழு மணிக்குப் பிழிந்த வடாம், மத்தியானம் சாப்பிட்டு எழுந்து பார்த்தால் துணியை விட்டுத் தானே கழன்று கலகலவென்று கிடக்கிறது, காக்கா விரட்டவும் ஆள் வேண்டாம். தண்ணீர்? அந்த வட்டாரத்துக்குக் கொலராடோ ஆற்றிலிருந்து 540 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் மேடேற்றிக் கொண்டு வருகிறார்கள். 1922-இலேயே ஏழு மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டும் பங்குச் சண்டை இன்னும் ஓயவில்லை என்று மாப்பிள்ளை சொன்னபோதுதான் சொந்த ஊரில் இருப்பது போல இருந்தது.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: மனுஷ முகமே கிடையாது. ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கும் கார். பக்கத்து வீட்டுக்காரரை நான் பார்த்ததே இல்லை, அவர் கார் ஷெட் கதவு ஏறி இறங்குவதைத்தான் பார்த்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வேட்டியோடு நடந்தால் ஒரு கார் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடி இறங்கி, உதவி வேண்டுமா என்று கேட்கிறது. மறுநாளும் அதே கார், அதே கேள்வி. மூன்றாம் நாள் பேன்ட் போட்டுக்கொண்டு போனேன், யாரும் கேட்கவில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். போகிற பெற்றோர்கள் கோடையில் போகாதீர்கள், கார் ஓட்டத் தெரிந்தால் இன்னொரு அரை மார்க் சேர்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை அடுத்த வருஷமும் கூப்பிடுகிறார். டிசம்பர் என்றால் சரி, தாளடி நெல்லுக்குக் களை எடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.