பழைய டியூப் டிவிக்கு எந்த டிவிடி பிளேயர் வாங்கலாம்?

அத்தை வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது 21 இன்ச் டியூப் டிவி. மாமா இருக்கும்போது வாங்கியது. மகள் கல்யாண டிவிடியில்தான் மாமா நடக்கிறார், சிரிக்கிறார். அதனால் பழைய பிளேயர் நின்றுபோனதும், "கம்மி விலையில வேற ஒண்ணு பாத்து வாங்கிக் குடுப்பா" என்று அத்தை கேட்டபோது தட்ட முடியவில்லை. சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். டிவியையே மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். படம் பளிச்சென்று தெரிகிற டிவியை எதற்கு மாற்ற வேண்டும்?

கடைக்குப் போகுமுன் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டை இருந்தால் கவலையே இல்லை; ஏவி என்பது இதைத்தான். மஞ்சளில் படம், மற்ற இரண்டில் சத்தம். 2006-ல் தொடங்கி அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவியை வைத்திருப்பவர்களும் இப்படித் திருப்பிப் பார்த்துவிடுங்கள். மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருந்தால் ஒரு பக்கச் சத்தம்தான் வரும்; பிளேயர் செட்டிங்கில் மோனோ வைத்தால் சரியாகிவிடும். ஆன்டெனா ஓட்டை மட்டும்தான் என்றால் நடுவில் ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சின்னப் பெட்டி தேவை.

கடைகளில் எனக்குக் காட்டியது மூன்று வகை. ஒன்று, இப்போதைய தட்டை டிவிகளுக்கான எச்டிஎம்ஐ ஓட்டை மட்டும் உள்ள புதிய பிளேயர். டியூப் டிவியில் அதைச் சொருக இடமில்லை, கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். எச்டிஎம்ஐ-யை ஏவி ஆக்குவது ஒரு வகை, ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக்குவது இன்னொரு வகை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. அதற்குத் தனியாகக் கரன்ட் வேறு. '1080 தரத்தில் காட்டும்' என்று டப்பாவில் போட்டிருப்பதாலும் நமக்குப் பயனில்லை. நம் ஊர் டிவிகளுக்கான 'பால்' (PAL) முறை டிவிடியில் இருக்கும் படமே 720-க்கு 576 புள்ளிதான். அதைப் பெரிதாக்கி, மறுபடி சுருக்கி, அதே மஞ்சள் ஒயரில் அனுப்புவதற்கு எதற்குக் கூடுதல் காசு? இந்த வகையை நான் அங்கேயே விட்டுவிட்டேன்.

மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி. ஏவி ஓட்டையுள்ள சின்னப் புதிய பிளேயர் ஒரு பக்கம், நல்ல கம்பெனியின் பழைய முழு சைஸ் பிளேயர் செகண்ட் ஹேண்டில் இன்னொரு பக்கம். பழையதைக் கையில் தூக்கினாலே கனம் தெரியும். முன்னால் நேரம் காட்டும் டிஸ்ப்ளே, ஆடாத ட்ரே, விலையோ புதியதில் பாதிகூட இல்லை. மனசு அதன் பக்கம்தான் போனது. ஆனால் டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் வீக்காகியிருந்தால் அது உடனே தெரியாது. கடையில் விற்ற சினிமா டிவிடி தடையில்லாமல் ஓடும். கல்யாண டிவிடி பெரும்பாலும் ஸ்டுடியோவில் ரைட் செய்த டிவிடி-ஆர். அதில் லேசர் ஒளி திரும்பி வருவது குறைவு. களைத்த லென்ஸ் திணறுவது அங்கேதான். அப்புறம், டிஸ்க் உள்ளேயிருந்து வெளியே ஓடுவதால், கடைசிப் பகுதி விளிம்புப் பக்கம் இருக்கும். நான் அத்தையின் டிஸ்க்கையே எடுத்துப் போயிருந்தேன். முகூர்த்தம் அழகாக ஓடியது. கடைசியில் வரும் வரவேற்புக்குத் தாவினேன். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. இன்னொரு பழைய பிளேயரிலும் அதே கதை.

புதிய சின்ன பிளேயரில் அதே டிஸ்க் கடைசிவரை ஓடியது. குறை இல்லாமல் இல்லை. ஒயரைச் சொருகினால் பிளேயரே பின்னால் இழுபடும் அளவுக்கு எடை குறைவு. பென்டிரைவ் ஓட்டை இருந்தாலும் போனில் எடுத்த வீடியோவை எடுக்கவில்லை. ஆனாலும் அதைத்தான் வாங்கினேன். வீட்டில் சினிமா டிஸ்க் மட்டும்தான் என்றால் நன்றாகச் சோதித்துப் பழையதையே வாங்குங்கள் என்பேன். வீட்டு விசேஷ டிஸ்க் என்றால் புது லென்ஸ்தான்.

வாங்கி வந்ததும் செட்டிங்கில் மூன்றை மாற்றினேன். டிவி வகை 'பால்' (PAL). படத்தின் அளவு 4:3 எல்பி, அதாவது அகலப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடும் லெட்டர்பாக்ஸ். 16:9-ல் விட்டால் அகலத் திரைப் படத்தில் முகமெல்லாம் ஒட்டி நீளமாகத் தெரியும். சத்தம் ஸ்டீரியோ; ஆறு ஸ்பீக்கருக்கான 5.1-ல் இருந்தால் சினிமாவில் பாட்டு மட்டும் கேட்கும், வசனம் அமுங்கிவிடும்.

ரிமோட்டில் 'வி-மோடு' என்று ஒரு பட்டன் உண்டு. கை தவறி அதை அழுத்தினால் படம் வேறு வழியில் போய்விடும், டிவியில் ஒன்றும் தெரியாது. பிளேயர் கெட்டுவிட்டது என்றே தோன்றும், திரும்பத் திரும்ப அழுத்தினால் படம் வந்துவிடும். அத்தைக்கு அந்தச் சிரமமே வேண்டாம் என்று, பட்டன் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.