"சாவி தரும்வரை வட்டி எங்கள் பொறுப்பு" என்று சொல்லும் பில்டரை நம்பாதீர்கள்

வாடகை வருமானத்துக்காகச் சென்னைப் புறநகரில் அடுக்குமாடி வீடு தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டி முடியாத வீட்டைக் காட்டி, "சாவி தரும்வரை கடன் வட்டியை நாங்களே கட்டிவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

2018-இல் கேளம்பாக்கத்துக்கு அருகே நானும் என் மனைவியும் இப்படி ஒரு வீட்டுக்குப் பணம் கட்டினோம். விலை 60 லட்சம். எங்கள் சேமிப்பு 12 லட்சம். மீதி 48 லட்சத்தைப் பில்டரே அழைத்துவந்த வீட்டுக்கடன் நிறுவனம் கொடுத்தது. மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், வட்டி கட்டுவது பில்டர் என்றுதான் இருந்தது. ஆனால் கடனாளி என்ற இடத்தில் என் பெயர். இந்தத் திட்டத்தின் சூழ்ச்சி முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

அடித்தள வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 48 லட்சமும் பில்டரின் கணக்குக்குப் போய்விட்டது. வழக்கமான வீட்டுக்கடனில் தளம் எழும்ப எழும்பத்தான் தொகையை விடுவிப்பார்கள். அந்தக் கட்டத்தில் கடனில் ஐந்தில் ஒரு பங்கு விடுவித்திருந்தால், 9 சதவீதத்தில் மாத வட்டி 7,200 ரூபாய். முழுத் தொகையும் போய்விட்டதால் 36,000 ரூபாய். அந்தப் பகுதியில் அப்படியொரு வீட்டுக்கு அதில் பாதி வாடகை கிடைப்பதே கடினம். எங்கள் பெயரில் கடன் வாங்கி, குறைந்த செலவில் தன் தொழிலுக்கு முதல் திரட்டிக்கொண்டார் பில்டர். வேறென்ன சொல்வது இதை?

2020-இல் ஊரடங்கைக் காரணம் காட்டி வட்டி கட்டுவதை நிறுத்தினார். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடன் நிறுவனத்தின் வசூல் பிரிவிலிருந்து அழைப்பு வந்த பிறகே தெரிந்தது. ஒப்பந்தத்தைக் காட்டினால், "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம், கடன் உங்களுடையது" என்றார்கள். பில்டரை எங்கள் எதிரே உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியவர்களே அவர்கள்தாம்! தவணை தவறியதில், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் என் சிபில் மதிப்பெண் சரிந்தது. மகளின் கல்விக்கடனுக்கு நான் இணை விண்ணப்பதாரர். அந்த மதிப்பெண்ணைக் காட்டியே வங்கி மறுத்துவிட்டது. இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

கட்டுமான நிலைக்கு ஏற்பவே கடனை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. கடனாளிக்காகப் பில்டர் தவணை கட்டும் திட்டங்களைக் கைவிடும்படி வீட்டுக்கடன் நிறுவனங்களிடம் தேசிய வீட்டுவசதி வங்கி 2019 ஜூலையில் சொன்னது. டெல்லி வட்டாரத்தில் பில்டர்களும் கடன் கொடுத்தவர்களும் இதே திட்டத்தில் கைகோத்ததாக எழுந்த புகார்களை விசாரிக்கும்படி 2025-இல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது. அப்படியும் வேறு பெயர்களில் இந்த வலையை விரிப்பவர்கள் இருக்கலாம்.

ரியல் எஸ்டேட் தொழிலை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் பணத்தை வட்டியுடன் திரும்பக் கேட்கலாம். கேட்டோம், உத்தரவும் கிடைத்தது. பில்டர் கொடுக்கவில்லை. நில வருவாய் பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் பறிமுதல் செய்ய அவர் பெயரில் வில்லங்கமில்லாத சொத்து இருந்தால்தானே! நாங்கள் மட்டும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வாங்கியே தீர வேண்டுமென்றால், வீடு இரண்டு மூன்று ஆண்டுகள் தாமதமானாலும், வாடகை ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும், முழுத் தவணையையும் உங்கள் சம்பளத்தில் கட்ட முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் நிறைவுச் சான்றிதழ் பெற்ற வீட்டை மட்டும் பாருங்கள். விலை கூடுதல்தான், பரவாயில்லை. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, கேட்டால் கொடுக்காதீர்கள். எந்தத் தளம் முடிந்தால் எவ்வளவு விடுவிப்பார்கள் என்பதைக் கடன் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால், விளம்பரத் தாள், மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். வட்டி தன் பொறுப்பு என்று பில்டர் தனியாகக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம்தான் ரெரா விசாரணையில் எங்களுக்குக் கைகொடுத்தது.