மூன்று நாள் பாண்டிச்சேரிக்கு ஒரு பை: எதை வாங்கலாம், எதை வீட்டிலேயே விட்டுவிடலாம்

மார்ச் மாதப் பாண்டிச்சேரிக்குத் துணி எடுத்துவைப்பது சுலபமாக இருக்க வேண்டும். மழை கிடையாது. கத்திரி வெயிலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பகலில் 31, 32 டிகிரி, இரவில் 23, 24. ஸ்வெட்டரும் வேண்டாம், குடையும் வேண்டாம். அப்படியிருந்தும் இரண்டு இரவுத் தங்கலுக்கு ஆளுக்கொரு பெட்டி கிளம்பிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் கடல்காற்றின் ஈரம். நனைந்தது காயாது என்ற பயத்தில் எல்லாவற்றிலும் கூடுதலாக இரண்டு உள்ளே போகும்.

அதனால் இங்கே எல்லாப் பொருளுக்கும் அளவுகோல் ஒன்றுதான். இரவு எட்டு மணிக்கு அலசிப் போட்டால், அறைக்குள்ளேயே, காலை எட்டு மணிக்குள் உடுத்துகிற பதத்தில் காய்ந்திருக்குமா? காயும் என்றால் ஒன்று போதும். காயாது என்றால் அது எவ்வளவு அழகான துணியாக இருந்தாலும் சுமைதான்.

முதலில் துண்டு. பையில் அதிக இடம் பிடிப்பதும், அதிகம் தப்பாக வாங்கப்படுவதும் இதுதான். 75க்கு 150 செ.மீ. டர்க்கி டவல், 450 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம் என்ற கணக்கு) என்றால், உலர்ந்த நிலையிலேயே அரைக் கிலோ. நனைந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். கடலோர அறையில் ஒரு ராத்திரியில் அது காயவே காயாது. மறுநாள் காலை நமுத்துப்போய், முடை நாற்றத்தோடு தொங்கும். விடுதியில் துண்டு தருவார்கள், ஆனால் பெரும்பாலான இடங்களில் அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே ஆளுக்கு ஒன்று சொந்தமாக வேண்டும்.

மைக்ரோஃபைபர் துண்டு பாதி கிராக்கிக்குத் தகுதியானது. 70க்கு 140 அளவு, 200 ஜிஎஸ்எம் என்றால் எடை 200 கிராமுக்குள். பிழிந்து ஃபேன் அடியில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். வாங்கும்போது பரப்பைத் தடவிப் பார்க்க வேண்டும். வெல்வெட் மாதிரி வழவழப்பாக இருப்பதில் மணல் ஒட்டாது, உதறினால் போய்விடும். பூப்போல நூல் தூக்கி நிற்கிற வகை கார் துடைக்கத்தான் லாயக்கு. மணல் அதற்குள் புகுந்தால் வெளியே வராது. குறையும் உண்டு. மேலைத் தேய்த்துத் துடைக்க வராது, ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். வெடித்த குதிகாலிலும் கரடுமுரடான கையிலும் நூல் சிக்கி இழுக்கும். கம்ஃபர்ட் வகையறாவில் ஊறப்போட்டால் தண்ணீர் உறிஞ்சுவது குறையும். சூடான இஸ்திரி பட்டால் கதை முடிந்தது.

ஈரோட்டு மெல்லிய பருத்தித் துண்டுதான் இந்தப் போட்டியில் ஜெயிக்கிறது. அதே நீள அகலத்தில் 150லிருந்து 200 கிராம், மைக்ரோஃபைபரைவிட விலையும் குறைவு, தேய்த்தும் துடைக்கலாம், வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொள்ளலாம். ஃபேன் அடியில் விடிவதற்குள் காயும். ஒரே நிபந்தனை: கடையிலிருந்து வந்த துண்டை அப்படியே பையில் வைக்கக் கூடாது. கஞ்சிப் பசை இருக்கும்வரை அது தண்ணீரைத் தள்ளிவிடுமே தவிர உறிஞ்சாது. இரண்டு மூன்று துவைப்பு கண்ட பிறகுதான் அது துண்டு.

உடுப்புக்கு வருவோம். காற்றிலிருந்து ஒரு நூல் எவ்வளவு ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதற்கு ஜவுளித் துறையில் கணக்கு உண்டு. பாலியஸ்டர் 0.4 சதவீதம், நைலான் 4 சொச்சம், பருத்தி 8.5, லினன் 12, ரேயான் 11 முதல் 13. இதை மட்டும் பார்த்தால் பாலியஸ்டர் டீ-சர்ட்டே கதி என்று தோன்றும். உண்மையில் நூலின் ரகத்தைவிடத் துணியின் கனம்தான் அதிகம் பேசுகிறது. 100 ஜிஎஸ்எம் மல்மல் என்கிற மெல்லிய காட்டன் குர்த்தி விடிவதற்குள் காயும். 400 ஜிஎஸ்எம் ஜீன்ஸ் மறுநாள் மாலையிலும் இடுப்புப் பட்டையிலும் பாக்கெட் உறையிலும் ஈரமாகவே இருக்கும். ஜீன்ஸை வீட்டில் விடுங்கள், அது ஒன்றே 600, 700 கிராம்.

லினன் சட்டை ஈரத்தை நிறையக் குடிக்கும், ஆனால் நெசவு தளர்வாக இருப்பதால் காற்று புகுந்து சீக்கிரம் விட்டும்விடும். சுருக்கம் விழும்தான். அதைப் பொறுக்க முடியாதவர்கள் லினன் வாங்காமலிருப்பதே நல்லது, இஸ்திரியால் அதைத் திருத்திவிட முடியாது. வெள்ளை லினனுக்கு இன்னொரு ஆபத்து சன்ஸ்கிரீன். அவோபென்சோன் என்ற வெயில் தடுப்பு ரசாயனம் உள்ள களிம்பு காலரில் ஒட்டி, இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரில் துவைபடும்போது துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுக் கறை வரும். பிளீச் போட்டால் கறை இன்னும் ஏறும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் ஆசிடோ தடவி ஊறவைத்து அலசுவதுதான் வழி. காலர் இல்லாத சட்டை எடுத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

ரேயான் குர்த்தி நேர்த்தியாக விழும், உடம்புக்குக் குளிர்ச்சி, கையளவாகச் சுருட்டலாம். மாலையில் வெள்ளை நகரத் தெருக்களில் நடக்க அதைவிடப் பொருத்தமான துணி இல்லை. தண்ணீரில் மட்டும் இறங்கக் கூடாது. நனைந்தால் ரேயான் நூலின் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். தண்ணீர்க் கனத்தில் ஹாங்கரில் தொங்கும்போது நீண்டு, தோளில் கூம்பு விழுந்துவிடும். கலம்காரி, இண்டிகோ மாதிரி அச்சுகள் சாயம் விடும், பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் துணியையும் கெடுக்கும்.

தண்ணீருக்கென்று தனியாக ஒரே ஒரு செட், நைலான் அல்லது பாலியஸ்டரில், இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் நூல் கொஞ்சம் கலந்தது. ஆண்களுக்கு உள்ளே வலை வைத்த அரைக்கால் சட்டை, பெண்களுக்கு நைலான் லெக்கிங்ஸும் முழுக்கை மேல்சட்டையும். பாண்டிச்சேரியின் புரொமனேட் கடற்கரைப் பக்கம் பெரும்பாலும் பாறாங்கல், குளிக்க ஆகாது. சுண்ணாம்பாற்றில் படகு ஏறி பாரடைஸ் பீச் போகிறவர்களுக்கும், நீச்சல் குளமுள்ள விடுதியில் தங்குகிறவர்களுக்கும்தான் இது அவசியம். பல குளங்களில் காட்டன் உடுப்போடு இறங்க விடுவதில்லை. துப்பட்டாவோடு அலையில் நிற்பது வேறு பிரச்சினை: காலைச் சுற்றிக்கொள்ளும், ஆளைச் சாய்த்துவிடும். நீச்சல் உடையில் மார்புப் பகுதிப் பஞ்சு இருந்தால் கழற்றித் தனியாகக் காயப்போட வேண்டும், கடைசியாகக் காய்வது அதுதான்.

ஆக, போட்டுக்கொண்டு போகிற செட் தவிர ஒருவருக்கு மேலுக்கு இரண்டு, கீழுக்கு ஒன்று, தண்ணீர் செட் ஒன்று, உள்ளாடை மூன்று, துண்டு ஒன்று, ராத்திரிக்குக் கைலியோ நைட்டியோ. கைலிக்கு இங்கே தனி மதிப்பெண் கொடுக்க வேண்டும். கடற்கரையில் உடை மாற்றும் மறைப்பு, மணலில் விரிப்பு, பேருந்து ஏசியில் போர்வை, எல்லாம் 300 கிராமுக்குள். எடை மொத்தம் இரண்டு கிலோ வரும். 30 லிட்டர் முதுகுப் பை தாராளம்.

பைக்குள் துணியைப் பிரித்து அடுக்க, பேக்கிங் க்யூப் என்று ஆறு ஜிப் உறை கொண்ட செட் விற்கிறார்கள். மூன்றுக்கு மேல் வேலையில்லை. ஷூவுக்கென்று வரும் உறை அடுத்த வாரமே சமையலறையில் வெங்காயம் தாங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது ஜிப் போட்டு அமுக்குகிற கம்ப்ரெஷன் வகை காற்றை மட்டும்தான் வெளியேற்றுகிறது. எடை அப்படியேதான் இருக்கும், இடம் கிடைத்ததே என்று இன்னும் நாலு துணி ஏறும், லினனிலும் காட்டனிலும் மடிப்பு பதிந்துவிடும். மேல்பக்கம் வலை வைத்த சாதா உறையே மேல், ஈரப்பதம் வெளியேறும். வாங்குமுன் மூன்று இடம் பாருங்கள். ஜிப் மூலையில் ஒரு விரலால் இழுத்தாலே திரும்ப வேண்டும். உள்தையல் நாடா வைத்து மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் பிரிந்து ஜிப் பல்லில் மாட்டும். வலை தையலோடு சேருமிடத்தில் இழுத்தால் ஓட்டை பெரிதாகக் கூடாது. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் முதலில் போவது மூலைத் தையல்தான். நெய்த துணியைத் தட்டையாக மடித்தும், பனியன், டீ-சர்ட் வகையைச் சுருட்டியும் வைக்கலாம்.

நனைந்ததைப் போட, வாயைச் சுருட்டி மூடுகிற ரோல்-டாப் பை என்று கடைகளில் 5 லிட்டரில் கிடைக்கிறது. தையலில்லாமல் சூட்டில் ஒட்டிய ஓரம் இருந்தால் வாங்கலாம். தையல் போட்டது கசியும். செலவழிக்க மனமில்லை என்றால் கனமான ஜிப் கவர் இரண்டு போதும், ஒன்றில் சாயம் விடுவது, ஒன்றில் வெள்ளை. எதுவானாலும் அறைக்கு வந்ததும் திறந்துவிட வேண்டும். ஈரத்தை மூடியே வைத்தால் நாற்றம் ஏறும், நாள் கடந்தால் காட்டனில் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளி போகாது.

காயவைக்கும் முறை தெரியாவிட்டால் மேலே சொன்ன எந்தத் துணியும் காப்பாற்றாது. கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பு போகாத துணி காய்ந்த மாதிரி இருந்து, ராத்திரி மறுபடி பிசுபிசுக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிழிந்து, உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, இரண்டு முனையையும் எதிரெதிராக முறுக்க வேண்டும். பாதி ஈரம் இதிலேயே போய்விடும். பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டு, நாலு மீட்டர் நைலான் கயிற்றில் துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டு, ஃபேன் காற்று படும்படி கிளிப் போடுங்கள். ஏசி இருந்தால் டிரை மோடில் 26 டிகிரி. ஆனால் வெளியே போகும்போது சாவி அட்டையை உருவினால் மின்சாரம் நின்றுவிடும் என்பதால், துவைக்கும் வேலையை இரவுக்கு வைத்துக்கொள்வதே சரி. குளியலறைக் கொடியில் எதுவும் காயாது. பால்கனியில் போட்டால் இருட்டுமுன் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பனியும் உப்புக்காற்றும் சேர்ந்து மறுபடி நனைத்துவிடும்.

செருப்பில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு ஜோடி, ரப்பர் அல்லது இவிஏ என்கிற லேசான நுரை பிளாஸ்டிக். தோல் செருப்பு உப்புத் தண்ணீரில் விறைத்துப்போகும், வெல்க்ரோ வைத்தது மணலைப் பிடித்துக்கொண்டு ஒட்டாமல் போகும். இவிஏ செருப்பைப் பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டால் ஒரு அளவு சுருங்கிவிடும்.

பையைத் தேர்ந்தெடுக்கும்போது சக்கரப் பெட்டியைத் தவிர்க்கலாம், மணலும் உப்பும் முதலில் சாப்பிடுவது சக்கரத்தின் அச்சைத்தான். பையின் ஜிப் உலோகப் பல்லாக இல்லாமல் நைலான் சுருளாக இருக்கட்டும். அதிலும் இழுவை உலோகம்தான், உப்பு பட்டால் அரித்து இறுகும். திரும்பி வந்த அன்றே ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, மெழுகுவர்த்தியை ஒருதரம் தேய்த்துவிட்டால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மிச்சமிருக்கும் மணலெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.