கணுக்கால் எலும்பு மாதிரி: அறுவைச் சிகிச்சை பயில்வோருக்கு எந்த அளவுக்கு உதவும்?

மருத்துவக் கல்விப் பொருள்களை விற்கும் இணையக் கடைகளில் இயல்பளவுக் கணுக்கால் மாதிரிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை பயிலும் முதுநிலை மாணவர்களுக்காக, எலும்புகளை இணைக்கும் தசைநார்கள் ரப்பர் பட்டைகளாகப் பொருத்தப்பட்ட பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை எங்கள் துறைக்கு வாங்கினோம். அது வகுப்பறையிலும் புறநோயாளிகள் பிரிவிலும் தொடர்ந்து பயன்பட்டு வருகிறது. எலும்புகளின் எண்ணிக்கை, பிளாஸ்டிக்கின் தரம், தாங்குபலகையின் அளவு ஆகியவற்றை விற்பனைக் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. முறிந்த கணுக்காலைச் சேர்த்து வைக்கப்போகும் ஒருவர் பார்க்க வேண்டிய நுட்பங்கள் அதில் உள்ளனவா என்பதை மட்டும் எந்தக் குறிப்பும் சொல்வதில்லை. அதனால்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் அமைப்பு. கணுக்காலின் இருபுறமும் கைக்குத் தட்டுப்படும் புடைப்புகளில், பெரிய கீழ்க்கால் எலும்பான டிபியாவின் பகுதியான உள் மேலியோலஸை விட ஃபிபுலாவின் பகுதியான வெளி மேலியோலஸ் ஏறத்தாழ 1 செ.மீ. கீழே இறங்கியும் சற்றுப் பின்தள்ளியும் இருக்கும். விலை குறைந்த மாதிரிகள் சிலவற்றில் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவற்றை வாங்கவே கூடாது. இந்த மாதிரியில் அந்த வேறுபாடு சரியாகவே வந்திருக்கிறது. முறிந்த ஃபிபுலா குறுகியோ திரும்பியோ ஒட்டிக்கொண்டால், அவ்விரு எலும்புகளுக்கும் கீழே இருக்கும் பாத எலும்பான டேலஸுக்கு வெளிப்புறத் தாங்கல் போய்விடும். எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டதாகத் தெரிந்தாலும் மூட்டு நாளடைவில் தேய்ந்து போகும். எனவே, முறிவைப் பிணைக்கும் உலோகப் பிளேட்டை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கு முன்பே ஃபிபுலாவின் சரியான நீளம் மாணவரின் மனத்தில் பதிந்திருக்க வேண்டும்.

டேலஸ் இந்த மாதிரியின் மிகச் சிறந்த பகுதி. தச்சர் ஒரு சட்டத்தில் துளையிட்டு மற்றொன்றின் முனையை அதில் இறுக்கமாகச் செருகுவதைப் போல, டிபியாவும் ஃபிபுலாவும் சேர்ந்து அமைக்கும் கவட்டைக்குள் டேலஸ் பொருந்தியிருக்கிறது. அதன் மேற்பரப்பு முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருப்பதை மாதிரியில் விரலால் தடவியே உணரலாம். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அகன்ற பகுதி கவட்டைக்குள் ஏறி இறுகுகிறது. கீழ்நோக்கி நீட்டினால் குறுகிய பகுதி வந்து சற்றுத் தளர்கிறது. விரல் நுனியில் நிற்கும்போது கணுக்கால் ஏன் எளிதில் பிசகுகிறது என்று கேட்கும் மாணவரிடம் மாதிரியைக் கையில் கொடுத்துவிட்டால், விடையை அவரே கண்டுகொள்கிறார்.

இந்தப் பொருத்தம் எவ்வளவு நுண்மையானது என்பதற்கு ராம்சி, ஹாமில்டன் ஆகிய இருவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. டேலஸ் வெளிப்பக்கமாக 1 மி.மீ. நகர்ந்தாலே மூட்டுப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும் அளவு 42 விழுக்காடு குறைந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டனர். உடலின் எடை அதே அளவில் இருக்க, அதைத் தாங்கும் பரப்பு பாதியை நெருங்கும் அளவுக்குச் சுருங்கினால் குருத்தெலும்பு என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. அறுவை அரங்கில் சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே கருவி காட்டும் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒரு மில்லிமீட்டருக்காக மூத்த மருத்துவர் ஏன் மல்லுக்கட்டுகிறார் என்பது இதை அறிந்த பிறகே இளையவர்களுக்குப் புரிகிறது.

குறைகளுக்கு வருகிறேன். டிபியாவையும் ஃபிபுலாவையும் கீழ்ப்பகுதியில் இணைக்கும் தசைநார்த் தொகுதியான சிண்டெஸ்மோசிஸ்தான் இந்த மாதிரியின் பெரிய பலவீனம். உண்மையான டிபியாவின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருக்கும். ஃபிபுலா அதில்தான் அமர்ந்திருக்கும். மாதிரியில் அந்த இடம் ஏறத்தாழத் தட்டையாக இருப்பதால், ஃபிபுலா பள்ளத்தை விட்டு முன்னாலோ பின்னாலோ விலகிப்போவது எப்படி என்பதைக் காட்ட வழியில்லை. இதைவிடவும் வருத்தம் தருவது, இரண்டு எலும்புகளையும் சேர்த்து வைத்திருக்கும் உலோக போல்ட். அது வெளியிலிருந்து உள்ளாக, நேர் குறுக்காகச் செலுத்தப்பட்டிருக்கிறது. ஃபிபுலா டிபியாவுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால், சிண்டெஸ்மோசிஸ் ஸ்க்ரூவைப் பின்னிருந்து முன்னோக்கி 25 முதல் 30 டிகிரி வரை சாய்த்து, மூட்டுப் பரப்புக்கு இணையாகச் செலுத்த வேண்டும் என்று நாங்கள் கற்பிக்கிறோம். அந்தப் பாடத்துக்கு நேர்மாறான ஒன்றை மாதிரி தினமும் கண்முன் காட்டிக்கொண்டிருக்கிறது. தயாரிப்பாளர்கள் போல்ட்டின் கோணத்தை மாற்றினாலே இந்தக் குறை தீர்ந்துவிடும்.

உட்புறத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. உள் மேலியோலஸின் நுனி ஒரே மேடாக மழுக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் அங்கே முன்னும் பின்னுமாக இரண்டு சிறு மேடுகளும் இடையில் ஒரு பள்ளமும் உள்ளன. கணுக்காலின் உட்புறத்தைப் பிணைக்கும் டெல்டாய்ட் தசைநாரின் மேலடுக்கு பெரும்பாலும் முன்மேட்டைச் சார்ந்திருக்கிறது. டேலஸை வெளியே நழுவவிடாமல் பிடித்திருக்கும் வலிமையான ஆழடுக்கு, பின்மேட்டிலிருந்தும் இடைப்பள்ளத்திலிருந்தும் புறப்படுகிறது. முன்மேடு மட்டும் முறிந்த ஒருவருக்கு ஸ்க்ரூ போட்டுவிட்டதால் உட்புறம் உறுதியாகிவிட்டது என்று நம்ப முடியாது. ஆழடுக்கு தனியே கிழிந்திருக்கலாம். இந்த வேறுபாட்டை ஒற்றை ரப்பர் பட்டையால் எப்படிக் கற்பிப்பது? நாங்கள் ஆழடுக்கின் இடத்தைச் சிவப்பு மார்க்கரால் வரைந்து சமாளிக்கிறோம்.

டிபியாவின் பின் விளிம்பு நன்றாகவே வார்க்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து ஃபிபுலாவுக்குச் செல்லும் பின்புறத் தசைநாரும் சரியான இடத்தில் இருக்கிறது. அந்த விளிம்பு முறிந்து தனித் துண்டாகப் பிரிவதுண்டு. முன்பெல்லாம் அந்தப் பின்துண்டு மூட்டுப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால்தான் பொருத்த வேண்டும் என்று சொல்லிவந்தார்கள். இப்போது அளவோடு, துண்டின் வடிவத்தையும், மூட்டுப் பரப்பு மட்டம் மாறிப் படிபோல் ஆகியிருக்கிறதா என்பதையும், சிண்டெஸ்மோசிஸ் உறுதியாக இருக்கிறதா என்பதையும் சி.டி. ஸ்கேனில் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பின்துண்டைச் சரியாகப் பொருத்தினால் அதோடு ஒட்டிய தசைநாரும் மீண்டும் இறுகுகிறது என்பதை இந்த மாதிரியை வைத்துத் தெளிவாக விளக்க முடிகிறது.

டேலஸின் பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கிறது. எந்தத் தசையும் அதில் ஒட்டுவதில்லை. இரத்தக் குழாய்கள் நுழைய எஞ்சியிருப்பது சிறிதளவு இடம்தான். அதனால்தான் டேலஸின் கழுத்து முறிந்து விலகினால் எலும்பு இரத்தமின்றிச் செத்துப்போகும் அபாயம் உண்டு. அந்த முறிவுகளுக்கு ஹாக்கின்ஸ் என்ற மருத்துவர் 1970-இல் வகுத்த பிரிவுகள் இந்த அபாயத்தைக் கணிக்கவே இன்றும் பயன்படுகின்றன. மாதிரியில் குருத்தெலும்புப் பகுதிக்கு வெளிர்நீல வண்ணம் பூசியிருப்பது நல்ல யோசனை. இரத்தக் குழாய்கள் நுழையும் இடங்களையும் குறித்திருந்தால் இன்னும் பயன்பட்டிருக்கும்.

தோல், நரம்பு, வீக்கம் ஆகிய எதையும் எலும்பு மாதிரியிடம் எதிர்பார்க்க முடியாது. வெளிப்புறக் கீறலில் மேலோட்டமான பெரோனியல் நரம்பைக் காப்பதையும், வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் தெரியும்வரை காத்திருப்பதையும் நோயாளியின் அருகில் நின்றுதான் கற்க வேண்டும்.

சில ஆயிரம் ரூபாய் விலைக்கு, எலும்பியல் துறைகளும் பிசியோதெரபி கல்லூரிகளும் இதைத் தயங்காமல் வாங்கலாம். தனியாகப் படிக்கும் மாணவர்கள் தசைநார் இல்லாத, எலும்புகளைத் தனித்தனியே பிரிக்கக்கூடிய மாதிரியை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. டேலஸைக் கையில் எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க அதில்தான் முடியும். தசைநார் மாதிரியை வாங்குவோர் ரப்பர் பட்டைகளை வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளவும். எங்களுடையதில் வெளிப்புற முன்பட்டை ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கிவிட்டது. மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.