வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது: கஞ்சி, இளநீர், சோடா, ஜீவனி

மார்கழி வெள்ளம் வடிந்து ஒரு கிழமைக்குள் வன்னியில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கிவிடும். மலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கும் இடங்களில் வெள்ளம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் வடியும். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு ஒவ்வொரு வைத்தியம் நடக்கும். ஒரு வீட்டில் கஞ்சி, அடுத்த வீட்டில் செவ்விளநீர், இன்னொரு வீட்டில் அம்மம்மா அவித்துத் தரும் மாதுளந்தோல் கசாயம், வேறொரு வீட்டில் சந்திக் கடைச் சோடா. மருத்துவமாது தந்த ஜீவனிப் பக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் பவுடர்) அலுமாரியில் பிரிக்காமலே கிடக்கும்.

இவற்றை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது, "எது கெதியாகக் கட்டும்?" என்பதுதான். குழந்தைகளுக்கு வரும் வயிற்றோட்டத்தில் பெரும்பகுதி வைரசால் வருவது. சில நாட்களில் தானாகவே அடங்கிவிடும். அதற்கிடையில் பிள்ளையைச் சாய்ப்பது மலத்தோடு வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "போனதை எது திரும்ப நிரப்பும்?" என்பது. இந்தக் கேள்வியோடு பார்த்தால் மேலே சொன்னவற்றின் வரிசை நன்றாகவே மாறும்.

குடலின் உட்சுவரில் குளுக்கோசையும் சோடியத்தையும் சோடியாக உள்ளே எடுக்கும் ஒரு வழி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து போகும்போது தண்ணீரும் பின்னாலே போகும். வயிற்றோட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. உப்பு இல்லாத இனிப்பும் இனிப்பு இல்லாத உப்பும் அரைகுறையாகவே வேலை செய்வது இதனால்தான்.

ஜீவனி

இந்த அளவுக் கணக்கை வைத்துச் செய்ததே ஜீவனிப் பக்கற். 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லீற்றருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைட் 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். இதைவிடச் செறிவாக இருந்த பழைய கலவையைக் குறைத்துத்தான் இந்த அளவுக்கு வந்தார்கள். 1971இல் மேற்கு வங்காளத்தின் பொங்காவ் அகதி முகாமில் கொலரா பரவி, நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் இதே வகைக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து வாயால் குடிக்கக் கொடுத்தார். நோயாளிகளில் 30 வீதமளவில் இருந்த இறப்பு 4 வீதத்துக்குக் கீழே இறங்கியது. கலந்தும் புகட்டியும் விட்டவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளின் சொந்தக்காரர்கள். முகாம் வாழ்க்கை தெரிந்த வன்னிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

"இரசாயனப் பவுடர்" என்று இதை ஒதுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது உப்பு, குளுக்கோஸ், பொட்டாசியம் உப்பு, எலுமிச்சையில் இருக்கும் அமிலத்தின் உப்பு, அவ்வளவுதான். இயற்கை வழியை விரும்பும் வீட்டுக்கும் இதில் பயப்பட ஒன்றுமில்லை.

பிழை வருவது கரைப்பதில். பக்கற்றில் எத்தனை மில்லிலீற்றருக்கு என்று எழுதியிருக்கிறதோ அத்தனைக்குத்தான் கரைக்க வேண்டும். ஒரு லீற்றர்ப் பக்கற்றைப் பாதியாகப் பிரித்து ஒரு கிளாஸில் போட்டால் உப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். அது பிள்ளையின் இரத்தத்தில் உப்பைக் கூட்டி வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். பவுடர் பக்கற்றுக்குள் ஒரே சீராகக் கலந்திருக்காது, ஆகவே கண்மட்டத்தில் பாதி பிரிப்பதும் கூடாது. ஒரு லீற்றர் அளவுக்கு 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டை நிரப்பி ஊற்றுங்கள். கடைச் சோடாப் போத்தல்களில் பல 1.5 லீற்றர், அதை ஒரு லீற்றர் என்று நினைத்து நிரப்பினால் கரைசல் நீர்த்துப்போகும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகுதான் பவுடரைப் போட வேண்டும். கரைத்த பின் சூடாக்கக் கூடாது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல்லுத்தண்ணீராக இருந்தாலும் கொதித்து ஆறியிருந்தால் இதற்குப் பாவிக்கலாம். 24 மணித்தியாலம் தாண்டினால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பால், பால்மா, மேலதிகச் சீனி எதுவும் சேர்க்கக் கூடாது.

உப்பும் சீனியும்

பக்கற் கையில் இல்லாத இரவுக்கு இது. கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக வழித்த அரைத் தேக்கரண்டி தூள் உப்பு. குவித்து அள்ளினால் அளவு ஒன்றரை மடங்குக்குக் கிட்டப் போகும். கல்லுப்புப் பாவிக்கும் வீடுகள் அதை இடித்துத் தூளாக்கிவிட்டு அளக்க வேண்டும், கட்டியாக அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு நிறை வரும். கலந்ததும் நீங்கள் ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். பொட்டாசியம் இதில் இல்லை என்பதுதான் குறை. வாழைப்பழமோ சிறிது இளநீரோ பக்கத்தில் கொடுத்தால் ஓரளவு சரியாகும்.

கஞ்சி

வீட்டில் இருப்பவற்றில் எங்கள் தெரிவு கஞ்சி, ஆனால் உப்புப் போட்ட, தெளிந்து ஓடும் கஞ்சி. அரிசி மா குடலுக்குள் மெதுவாக உடைந்து குளுக்கோசை விட்டுக்கொண்டே இருக்கும். சீனித்தண்ணீர்போல ஒரேயடியாகச் செறிவு ஏறாது. கொலராவில் அரிசி மாவால் செய்த கரைசல் மலத்தின் அளவைக் குறைத்ததும் ஆய்வுகளில் தெரிந்த விடயம். 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் எத்தனை பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்தன என்று வன்னியில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்முறை: பச்சையரிசி ஏறத்தாழ 50 கிராம், தேத்தண்ணீர்க் கோப்பையில் காற்பங்கு. சிவப்பரிசியும் நல்லது. கழுவி உலர்த்தி மாவாக இடித்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். முழு அரிசியாகப் போட்டால் அரை மணித்தியாலத்துக்கு மேல் அவிய வேண்டும். மாவை முதலில் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு அடுப்பில் வைத்துக் கிண்டுங்கள். கொதிக்கும்போது வற்றும் என்பதால் தொடக்கத்தில் ஒரு லீற்றருக்கு மேல் கொஞ்சம் கூட்டி வைத்து, இறக்கும்போது ஒரு லீற்றர் நிற்கப் பாருங்கள். உப்பு, மட்டமான அரைத் தேக்கரண்டி. கரண்டியால் தூக்கிச் சரித்தால் நூல் விடாமல் தண்ணீராக ஓட வேண்டும். தடித்துவிட்டால் பிள்ளை கொஞ்சம் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிவிடும். பிறகு அது சாப்பாடு, குடிநீர்க் கணக்கில் வராது.

மூன்று இடத்தில் கஞ்சி பிழையாகும். உப்பில்லாமல் கொடுப்பது முதலாவது, அதுதான் அதிகம் நடக்கிறது. தேங்காய்ப்பால் விட்ட பால்கஞ்சியை ஓட்டம் நிற்கும் முன்பே கொடுப்பது இரண்டாவது. காலையில் காய்ச்சியதைப் பின்னேரம் வரை திறந்து வைப்பது மூன்றாவது: வன்னி வெயிலில் கஞ்சி கெதியில் புளித்துவிடும், ஆகவே ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் காய்ச்ச வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கஞ்சி வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், கரைசல் தேவையா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

அப்படியும் ஜீவனியோடு வைத்துப் பார்த்தால் கஞ்சியில் சோடியம் குறைவு. லீற்றருக்கு 75 மில்லிமோல் ஜீவனியில், 50 அளவில் இந்தக் கஞ்சியில். பொட்டாசியம் மிகவும் சொற்பம். ஓட்டம் தொடங்கிய நேரத்தில், பிள்ளை இன்னும் ஓடி விளையாடும்போது கஞ்சி போதும். கண் குழி விழுந்து, தாகத்தில் கிளாஸைப் பறிக்கும் நிலைக்கு வந்துவிட்டால் ஜீவனிதான், கஞ்சி பக்கத்தில் சாப்பாடாக இருக்கலாம்.

இளநீர், சோடா, கசாயம்

இளநீரை "இயற்கைச் சேலைன்" என்பார்கள். பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் மிகக் குறைவு. வயிற்றோட்டத்தில் அதிகம் போவது சோடியம். இரண்டு நாளாக இளநீரை மட்டுமே குடித்த பிள்ளை அதனால்தான் சோர்ந்து தூங்கி விழும். கரைசலுக்கு மேலதிகமாகக் கொடுக்க இளநீரைப்போல் நல்லது வேறில்லை. வெட்டும் கத்தியைக் கழுவுங்கள். மண்ணிலும் மீனிலும் பட்ட கத்தி நேரே இளநீருக்குள்தான் இறங்குகிறது. போத்தலில் ஊற்றி வைத்து மாலையில் கொடுப்பதும் வேண்டாம். சிறுநீரக நோயுள்ள பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்காமல் இளநீர் கொடுக்கக் கூடாது.

சோடாவுக்கும் பெட்டி ஜூசுக்கும் இந்த வரிசையில் இடமே இல்லை. அவற்றின் சீனிச் செறிவு உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து ஓட்டத்தைக் கூட்டும். அதிகச் சீனி போட்ட வெறுந்தேத்தண்ணீரும் அப்படித்தான்.

மாதுளந்தோலும் தேசிக்காய்ப்புளி விட்ட கோப்பித்தூளும் துவர்ப்பால் "கட்டும்" என்று கொடுக்கப்படுகின்றன. பெரியவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொள்ளட்டும். சின்னப் பிள்ளைக்குக் கசப்பு சத்தியை வரவழைக்கும், குடித்த கரைசலும் சேர்ந்து வெளியே வந்துவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் "கட்டுற குளிசை" இதைவிடப் பெரிய ஆபத்து. அது குடலின் அசைவை நிறுத்தும், தண்ணீர் உள்ளேயே தேங்கி வயிறு ஊதும். பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

எவ்வளவு, எப்படி

ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200. சூப்பிப் போத்தலில் ஊற்றாதீர்கள், போத்தலின் ரப்பரே அடுத்த தொற்றைக் கொண்டுவரும். கோப்பையும் தேக்கரண்டியும் போதும். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகத் திரும்பத் தொடங்குங்கள். தாகத்தில் ஒரே மூச்சாகக் குடிக்க விடுவதால்தான் பெரும்பாலும் சத்தி வருகிறது. "ஜீவனி ஒத்துக்கொள்ளவில்லை" என்ற முறைப்பாடு பல வீடுகளில் இங்கேதான் பிறக்கிறது. நாகச் சத்து (சிங்க்) மருந்தும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு உட்பட்டால் 10, பத்து முதல் பதினான்கு நாட்களுக்கு. ஓட்டம் நின்றாலும் நாட்களை முடிக்க வேண்டும்.

வயிற்றைக் காயப்போடுவதா, சாப்பாடு கொடுப்பதா

பழைய பழக்கங்களில் தயங்காமல் விடச் சொல்வது வயிற்றைக் காயப்போடுவதைத்தான். பட்டினி கிடக்கும் குடல் ஆறுவதற்கு நாளாகும், மெலிந்த பிள்ளைக்கு அடுத்த தொற்றும் கெதியாக வரும். தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தக் கூடாது. குழைய வடித்த சோறும் பருப்பும், அவித்த முட்டை, முள் நீக்கிய குளத்து மீன், மசித்த வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை. அவித்து மசித்த வாழைக்காய் நீடித்த வயிற்றோட்டத்துக்கு உதவியதாக வங்காளதேசத்து ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் வீட்டுச் சமையலுக்கு அது புதிதுமல்ல. சுகமான பிறகு இரண்டு கிழமைக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூட்டிக் கொடுத்தால் இழந்த நிறை திரும்பும்.

எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவது

வயிற்றுத் தோலை இரண்டு விரலால் நுள்ளி விடுங்கள். மடிப்பு உடனே மறையாமல் நின்றால் நீர் வற்றுகிறது. ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் சத்தியாக வருவது, தூங்கி வழிவது, குடிக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓட்டமே போதுமான காரணம். துணுக்காய்ப் பக்கம் மல்லாவி வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி உட்கிராமங்களில் இருட்டிய பிறகு யானை நிற்கும் வீதியில் மோட்டார் சைக்கிளை நம்ப முடியாது, ஆகவே பின்னேரம் நாலு மணிக்கே பிள்ளையை ஒருமுறை நன்றாகப் பார்த்து முடிவெடுத்துவிடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். வாகனத்தில் ஏறியதும் கரைசல் போத்தலை மூடி வைத்துவிடாதீர்கள். பிள்ளை விழித்திருந்து விழுங்கும் வரைக்கும் வழிநெடுகக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கண் செருகிக் கிடக்கும் பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.