எண்பதா, அறுபத்தொன்றா?

அமெரிக்கத் தெற்கில் ஒரே ஒரு சாலைக்குத்தான் நேரம் என்றால் எதில் போவது? அலபாமாவின் 80-ஆம் எண் சாலையா, மிசிசிப்பியின் 61-ஆ?

என் ஓட்டு 80-க்கு. அந்தச் சாலையில் இருக்கும் செல்மா ஊரின் எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவில் மேடேறி இறங்கும். உச்சிக்குப் போனால்தான் எதிர்ப்பக்கம் தெரியும். 1965 மார்ச் 7 அன்று கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கேட்டு நடந்த சுமார் 600 பேர், தடியோடு நின்ற போலீஸை அங்கிருந்துதான் பார்த்தார்கள். அடி, கண்ணீர்ப்புகை. 21-ஆம் தேதி மறுபடி கிளம்பி, 87 கிலோமீட்டர் நடந்து, 25-இல் மாநிலத் தலைநகர் மாண்ட்கமரி சேர்ந்தார்கள். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. பாலத்துக்கோ இன்னும் உள்நாட்டுப் போரில் அடிமைமுறைத் தரப்பில் நின்ற தளபதியின் பெயர்தான்!

61, ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசைக்குப் பேர்போன சாலை. பாட்டுப் பித்து இருந்தால் சரி, அதுவே போதும். 1937-இல் அதில் கார் விபத்தில் சிக்கிய பாடகி பெஸ்ஸி ஸ்மித், கிளார்க்ஸ்டேலில் கறுப்பினத்தவருக்கான மருத்துவமனையில் இறந்தார். அந்தக் கட்டடம் பின்னாளில் ஹோட்டலானது; ப்ளூஸ் கலைஞர்கள் தங்கினார்கள்.