செங்கோட்டை – கொல்லம் இரயில் பயணம்: வயலில் தொடங்கிக் காயலில் முடியும் வழி

நெல்வயல், மலைக்காடு, இரப்பர்த் தோட்டம், காயல், கடல் ஆகிய ஐந்தையும் ஒரே பயணச்சீட்டில் பார்க்க நம் நாட்டில் எங்கே போகலாம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், நான் தயங்காமல் சொல்லும் பதில் செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் இரயில் பாதை என்பதே. நூறு கிலோமீட்டருக்கும் குறைவான இந்தத் தொலைவைக் காரில் விரைவாகக் கடந்துவிடலாம் என்றாலும், சரக்கு லாரிகளின் பின்னால் ஊர்ந்து போகும் ஓட்டுநருக்குச் சாலையைத் தவிர வேறெதையும் பார்க்க வாய்க்காது.

தென்காசியில் ஏறுவது நல்லது. ஆடி மாதமாக இருந்தால், சுரண்டை, சுந்தரபாண்டியபுரம் பக்கம் பூத்திருக்கும் சூரியகாந்திக் காடுகளைக் காலையில் பார்த்துவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்து முகத்தில் தெளிக்கும் சாரலோடு வண்டி ஏறலாம். செங்கோட்டையில் வண்டி சற்று நேரம் நிற்கிறது; நான் சென்றபோது மலையேற்றத்திற்காகப் பின்பக்கத்திலும் ஓர் எஞ்சினை இணைத்தார்கள். இந்தச் செங்கோட்டையே முன்பு திருவிதாங்கூர்ப் பகுதியாகவும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாகவும்தான் இருந்தது என்பதும், 1904-இல் இங்கிருந்து கொல்லத்திற்குப் போடப்பட்ட மீட்டர் கேஜ் பாதையே திருவிதாங்கூர் கண்ட முதல் இரயில் பாதை என்பதும் தெரிந்தால், அந்தக் காத்திருப்பு அவ்வளவு சலிப்பாக இராது. 2010-இல் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட மலைப்பகுதிப் போக்குவரத்து 2018-இல்தான் மீண்டும் தொடங்கியது. எட்டு ஆண்டுகள் வண்டிச் சத்தமே இல்லாமல் கிடந்த மலை இது.

பகவதிபுரத்தைத் தாண்டியதும் வரும் நீண்ட குகைதான் இப்பயணத்தின் வாசல். ஒரு பக்கம் காய்ந்த காற்றும் புளியரை வயல்களுமாக இருந்த நிலம், குகையின் மறுமுனையில் ஈரம் சொட்டும் காடாக மாறிவிடுகிறது. பெயர்ப்பலகையின் எழுத்தும் மாறிவிடுகிறது. ஆரியங்காவில் ஐயப்பன் கோயில் இருக்கிறது. மார்கழியில் அங்கு நடக்கும் திருக்கல்யாணத்திற்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராகச் செல்வது நெடுநாள் வழக்கம். அருகிலுள்ள பாலருவியின் பெயரைத் தாங்கிய விரைவு வண்டியொன்று இதே பாதையில் ஓடுகிறது என்றாலும், அது இரு திசையிலும் இரவில்தான் மலையைக் கடக்கிறது என்பதால், பெயரை நம்பி அதில் முன்பதிவு செய்துவிட வேண்டாம்.

இந்தப் பயணத்தில் நான் மிக நேசிப்பது ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் இடைப்பட்ட இறக்கம்தான். வண்டி இங்கே மெதுவாகத்தான் போக முடியும். அந்த மெதுவே நமக்கு வாய்த்த வரம். வளைவுகளில் நம் வண்டியின் முகத்தை நாமே சன்னல் வழியாகப் பார்க்கிறோம். கழுத்துருட்டி அருகே, மலைச்சரிவை ஒட்டிப் பதின்மூன்று வளைவுகளோடு நிற்கும் கல்பாலத்தின் மீது வண்டி ஏறும்போது, கீழே தேசிய நெடுஞ்சாலையும், அதையடுத்துப் பாறைகளுக்கிடையே ஓடும் கழுத்துருட்டி ஆறும் தெரிகின்றன. அகலப்பாதை போட்டபோது அந்தப் பழைய பாலத்தை இடித்துவிடாமல் வலுப்படுத்திப் பயன்படுத்தியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பாலத்தின் அழகு, அதன்மேல் செல்பவரைவிடச் சாலையில் நின்று பார்ப்பவருக்கே முழுதாகக் கிடைக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இருக்கை குறித்து ஒரு வார்த்தை. குளிர்சாதனப் பெட்டியின் மங்கிய கண்ணாடி வழியே பார்த்தால் காடும் மழையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். சன்னல் திறக்கும் சாதாரணப் பெட்டியில் உட்கார்ந்தால்தான் ஈர மண்ணின் வாசனையும் குகைக்குள் எழும் பிள்ளைகளின் கூச்சலும் சேர்ந்து வரும். படியில் உட்காரும் ஆசை எல்லோருக்கும் வரும். குகைச் சுவர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் கண்டால் அந்த ஆசை தானே அடங்கும்.

தென்மலைக்குப் பிறகு கல்லடை ஆறு பாதைக்குத் துணையாக வருகிறது. புனலூரில் அதே ஆற்றின் மீது 1877-இல் கட்டப்பட்ட தொங்கு பாலம் இருக்கிறது. அதற்காக அங்கே இறங்கினால் அடுத்த வண்டிக்கு நெடுநேரம் காத்திருக்க நேரிடும். புனலூருக்கு அப்பால் காட்சி சாதாரணமாகிவிடுகிறது. இரப்பர் மரங்கள், ஓட்டு வீடுகள், கொட்டாரக்கரை, குண்டரை என்று நிலையங்கள் போகின்றன. இந்த ஒரு மணி நேரத்தைக் கண்ணயர்வதற்கு ஒதுக்கலாம். கொல்லத்தில் இறங்கியதும் விழித்துக்கொண்டே ஆக வேண்டும், ஏனென்றால் அந்நிலையத்தின் நடைமேடை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. நம் பெட்டி கடைசியில் நின்றால் வெளிவாயில் வரை ஒரு சிறு பாதயாத்திரைதான்.

கொல்லத்தில் தங்கசேரிக் கலங்கரை விளக்கத்தடியில் கடலைப் பார்த்தேன். 1902-இல் எழுந்த, 41 மீட்டர் உயரமுள்ள, வெள்ளையும் சிவப்புமான அந்த விளக்கத்தின் அருகே மாலை நேரம் இனிமையாகவே கழிந்தது. இரவு தங்கிய விடுதியைப் பற்றி அவ்வளவு சொல்வதற்கில்லை. தொலைபேசியில் ஒரு வாடகையும் வரவேற்பு மேசையில் மற்றொரு வாடகையும் சொன்னார்கள். அறையின் சன்னலோ பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தது.

கொல்லம் வரை வந்தவர்கள் மறுநாள் காலை மன்றோத்துருத்துக்குப் போகாமல் திரும்பினால், பயணம் பாதியில் நின்றதாகவே கொள்வேன். திருவிதாங்கூரின் திவானாக இருந்த கர்னல் மன்றோவின் பெயரைக் கொண்ட அந்தத் தீவுக்கூட்டம், கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில், அந்த ஆறே கொண்டுவந்து சேர்த்த வண்டலால் உருவானது. அங்குள்ள வாய்க்கால்கள் குறுகலானவை; மோட்டார் இல்லாத சிறு வள்ளத்தில், நீண்ட கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே அழைத்துச் செல்கிறார்கள். ஆலப்புழையின் பெரிய படகு வீடுகளில் கிடைக்காத அமைதியை இங்கே கேட்டேன். வள்ளத்துக்கான கட்டணத்தை ஏறுமுன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. வெயில் ஏறுமுன் போவது அதைவிட நல்லது.

எங்கள் வள்ளத்தை ஓட்டிய பெரியவர், நீரேற்றத்தின்போது வீடுகளுக்குள் காயல் நீர் புகுந்துவிடுவதாகவும், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இது மிகுந்துவிட்டதாகவும், பலர் ஊரைவிட்டே போய்விட்டதாகவும் மலையாளத்தில் சொன்னார். தென்மலை அணை கட்டிய பிறகு ஆறு முன்போல மண் கொண்டுவருவதில்லை என்பதும் அவருடைய குறை. முந்தின நாள் சன்னலோரத்தில் உட்கார்ந்து, அந்த ஆற்றைத்தான் அழகு என்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆளில்லாத ஒரு வீட்டின் அருகே வள்ளத்தை நிறுத்தி, அவர் கழியால் காட்டினார்; வாசற்படிகள் இரண்டு நீருக்கடியில் இருந்தன.